அக்கா பேரில் உள்ள கடன்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் மாரிகுப்பத்தில் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன். அதிலும் கணக்கில் போய், மறுபடி எழுதித் தேறியவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. பல வருடம் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தும் எதிர் சீட்டில் உட்காருகிறவரின் பெயரை நான் கேட்டதில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. நாங்கள் இன்னும் அதே லைன் வீட்டில்தான் இருக்கிறோம்.

இது என் அக்காவைப் பற்றியது. அக்காவின் வீட்டுக்காரர் இங்கே தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதனால் அப்பாவுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டிலேயே இரண்டு பேரும் தங்கிவிட்டோம். ஒரு அறை, சமைக்க ஒரு மூலை, மேலே தகரம். காற்றடிக்கிற மாதங்களில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து மாவு போல மண் பறந்து வந்து சோற்றுப் பானைக்குள் விழும். அந்தத் தகரம் ஓட்டையாகி, மழையில் பாத்திரம் வைக்க இடமில்லாமல் போனபோதுதான் அக்கா குழுக் கடன் எடுத்தாள்.

இந்தக் கடனைப் பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், அவ்வளவுதான். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூட்டம். வசூல் செய்கிறவர் வந்து உட்காருவார். எல்லாருடைய தவணையும் சேரும் வரை ஒருத்தியும் எழுந்து போகக் கூடாது. எங்கள் லைன் பெண்கள் இந்தக் கூட்டத்துக்கு ‘ஷிப்ட்’ என்று பேர் வைத்திருந்தார்கள். “ஷிப்டு முடிச்சிட்டு வந்து உலை வெக்கிறேன்” என்பார்கள். அப்பா காலத்தில் கேஜ் என்ற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினவர்கள் அத்தனை பேரும் மேலே ஏறி வந்தால்தான் ஷிப்ட் முடிந்த மாதிரி. அப்படித்தான் இதுவும். பெண்களைச் சேர்த்துப் பேசி, பயப்படாதீர்கள் என்று சொல்லி இந்தக் குழுவை உண்டாக்கியது அக்கா. தலைவியும் அவள்தான்.

கூரை போட்ட அடுத்த வருடம், குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது அக்கா விழுந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறியது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டியாக இருந்த நான் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலேயே சட்டைக்கு நூல் வெட்டுகிறேன். கார்மென்ட்ஸ் வண்டி மூட்டையைப் போட்டுவிட்டுப் போகும். தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை எல்லாம் நறுக்கி மடித்துக் கொடுக்க வேண்டும். அதில் வருகிற பணம் அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகும். தவணைக்குப் போதாது.

சோறு ஊட்டுவேன், தலை வாருவேன், மாத்திரை கொடுப்பேன். ஆனால் துணி மாற்றவும் உடம்பு துடைக்கவும் அக்கா என்னை விடவில்லை. “தம்பின்னாலும் நீ ஆம்பள தான்டா, போடா வெளிய” என்று குழறிக் குழறிச் சொன்னாள். அதற்கு எதிர் வீட்டுத் தங்கச்சி வருவாள். என்னைவிட வயதில் சின்னவள், வாய் பெரியது. காலையிலும் சாயங்காலமும் தன் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு வந்து, என்னை வெளியே துரத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அக்காவைச் சுத்தம் செய்வாள். உள்ளே இரண்டு பேரும் சண்டை போடுகிற சத்தம் கேட்கும். சில நாள் சிரிப்பும் கேட்கும். ஒரு பைசா வாங்கியதில்லை.

அவளும் அந்தக் குழுவில் ஒருத்தி. அக்கா விழுந்ததிலிருந்து எங்கள் தவணையில் குறைந்ததை அவளும் மற்றவர்களும்தான் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேனோ அவள் கையில்தான் என் அக்காவின் மானமும் இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை வசூல்காரர் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணா, அண்ணா” என்றுதான் பேசுவார். அந்த மரியாதைக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். எதிர் வீட்டுத் தங்கச்சி வாசலில் நின்றிருந்தாள்.

“இன்னா சார், இப்பிடிக் கையி காலு உயுந்தவங்களுக்கு இன்சூரன்சு இன்னா ஒண்ணும் கெடையாதா?” என்று கேட்டாள்.

“ரூல் அப்படிம்மா. ஆள் போயிட்டா இன்சூரன்ஸ் மொத்தத்தையும் கட்டிடும். உங்க யாருக்கும் பாரம் இல்ல. படுத்துட்டா கெடையாது. நான் இன்னா செய்யட்டும்?”

அறைக்குள் திரை எதுவும் கிடையாது. அக்கா கட்டிலில் எங்களைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். பாதி வாயால் சிரித்தாள்.

“நா... போவலியே சார். தப்பாப் போச்சு.”

எதிர் வீட்டுத் தங்கச்சி சிரித்துவிட்டாள். வசூல்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது ஒரு மாத்திரை கிடந்தது. பிரஷர் மாத்திரை. கை தவறி விழுந்தது என்று நினைத்தேன். மறுநாள் தலையணை உறைக்குள் ஒன்று இருந்தது. அதற்கு அடுத்த நாள், விழுங்கிவிட்டேன் என்று தலையாட்டிய பிறகு, அவள் கன்னத்தின் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். அங்கே இருந்தது, பாதி கரைந்து. அக்கா என் விரலைக் கடித்தாள்.

“கசக்குது” என்றாள்.

அதே மாத்திரையைத்தான் விழுந்த நாளிலிருந்து கொடுக்கிறேன். அதுவரை கசந்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவள் ஏன் துப்புகிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். மாத்திரையைப் பொடி செய்து கஞ்சியில் கலந்தால் கஞ்சியையே துப்பினாள். கதவைப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது வீடு. சட்டையில் நூல் வெட்டும்போதும் கண் கட்டில் மேலேயே இருக்கும்.

கோர்ட்டில் ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் கொடுக்கிறார்கள் என்று ரயிலில் யாரோ பேசியது ஞாபகத்தில் இருந்தது. விதவைப் பென்ஷன் விஷயமாகப் போய் வருகிறேன் என்று எதிர் வீட்டுத் தங்கச்சியிடம் பொய் சொல்லி, அக்காவை அவளிடமே விட்டுவிட்டு, ராபர்ட்சன்பேட்டைக்கு பஸ் ஏறினேன். கடனைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறேன். அந்த நேரத்துக்கு அக்காவுக்குக் காவல், அந்தக் கடனுக்கு ஜாமீன் நின்றவள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரை அந்த நினைப்புதான்.

கோர்ட் வளாகத்தில் சட்ட உதவி அறை ஓரமாக இருந்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டு வந்தார்கள். சின்ன வயதில் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் அப்படித்தான், உட்கார்ந்தால் போதும், அவர்களே கூப்பிடுவார்கள். கடைசியில் குமாஸ்தா வெளியே வந்து, “யாருப்பா நீங்க? நம்பர் ஹேளி” என்று கன்னடம் கலந்து நம்பரைக் கேட்டார். நான் எழுந்து நின்று அப்பாவின் மைன்ஸ் நம்பரைச் சொன்னேன்.

அவர் எழுதப் போய் நிறுத்தி, “இது யாவ நம்பர்?” என்றார். அவர் கேட்டது போன் நம்பர். பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மைன்ஸ் வூட்டுப் புள்ளையா நீ? ஆஸ்பத்திரின்னாலும் ரேஷன்னாலும் அந்த நம்பர் தான நமக்கு! எனக்கும் அது தான்யா மொதல்ல வாயில வருது, என் பொண்டாட்டி பேரு கூட அதுக்கு அப்புறம் தான்.” காது வரைக்கும் சூடாகிவிட்டது எனக்கு. ஆனாலும் அந்தச் சிரிப்பு தீர்வதற்குள் உள்ளே போய்விட்டேன்.

வக்கீல் ஒரு நடுத்தர வயது அம்மா. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, கடன் யார் பேர்ல?” என்றார்.

“அக்கா பேர்ல மேடம்.”

“நீங்க?”

“தம்பி.”

“தம்பி சரி. ஆனா இந்தக் கடன்ல நீங்க யாரும் இல்லையே. நீங்க மனு கொடுத்தா நான் வாங்க முடியாது.”

 நான் வேலையை விட்டதும், நூல் வெட்டுவதும், மாத்திரைக்காக விரல் கடிபடுவதும் எல்லாம் அந்த அறைக்குள் வரவே முடியாத விஷயங்களாக இருந்தன. என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது, அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

பெண்கள் யார் கேட்டாலும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, அக்காவே மனு கொடுக்கலாம் என்றார். கடன் கொடுத்த கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பிக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம். தவணையைச் சின்னதாக்கிக் காலத்தை நீட்டச் சொல்லலாம், அபராத வட்டியை விடச் சொல்லலாம். வீட்டுக்குள் வந்து உட்காருவதையும் மற்ற பெண்களை நெருக்குவதையும் நிறுத்தச் சொல்லலாம்.

“கடன் போயிடும்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. மூச்சு விடலாம், அவ்வளவுதான். அக்காவுக்குப் புத்தி தெளிவா இருக்கா?”

“என்ன விட நல்லாவே தெளிவு மேடம்.”

முதல் தடவையாகச் சிரித்தார். “அப்போ அவங்க வாயால எனக்குச் சொல்லணும். நீங்க அவங்க பெருவிரல் ரேகையை வாங்கிட்டு வந்தா செல்லாது. கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வர வேணாம். திங்கக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் வர்ற வேலை இருக்கு, நானே வர்றேன்.”

திங்கட்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டுத் தங்கச்சி எங்கள் வீட்டில் இருக்கிற நேரம். வேறு நேரம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வரவில்லை. “சரிங்க மேடம்” என்றுதான் வந்தது.

திங்கட்கிழமை வக்கீலம்மாவின் ஸ்கூட்டர் லைனுக்குள் நுழைந்ததும் எல்லா வாசலிலும் தலை எட்டிப் பார்த்தது. அவர் கோட்டுப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் வெள்ளைப் புடவையும் கைப்பையில் துருத்திய காகிதக் கட்டும் போதுமானதாக இருந்தது. எதிர் வீட்டுத் தங்கச்சி ஈரத் துணியோடு கதவைத் திறந்து, அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஓகோ. பென்ஷன் ஆபீசு இப்ப ஸ்கூட்டர்ல வூட்டுக்கே வருதா அண்ணா?”

நான் தரையைப் பார்த்தேன். வக்கீலம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, தான் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று அக்காவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். சம்மதமானால் இடது கைப் பெருவிரலை வைக்கலாம் என்று மைப்பெட்டியைத் திறந்ததும், அக்கா இடது கையை இறுக்கி மூடிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேணா.”

“ஏம்மா?”

“நா... தலைவி. நா தான்... எல்லாரையும் சேத்தேன்.”

எதிர் வீட்டுத் தங்கச்சி அதைப் பிடித்துக்கொண்டாள். “கேளுங்க மேடம். அக்காவுக்குத் தெரியுது, இந்த அண்ணாவுக்குத் தெரியல. இவங்க நோட்டீசு வுட்டுட்டுப் படுத்துக்குவாங்க. நாளைக்கு அந்த ஆளு எங்க நடுவுல வந்து உக்காருவாரு. யாரு கட்டறது?”

“உங்களை நெருக்கக் கூடாதும்மா. சட்டத்துல அதுக்கு இடம் இல்லை.”

“சட்டம் சொல்லும் மேடம். ஆனா செவ்வாக்கெயம உக்காற்றது அவரு தான? சட்டம் வந்து பக்கத்துல உக்காருமா?”

வக்கீலம்மா மைப்பெட்டியை மூடினார். அக்கா போர்வைக்குள் கையை வைத்தபடியே மேலே தகரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நோட்டீசும் வேணா... ஒண்ணும் வேணா. நா போயிட்டா... இன்சூரன்சு. எல்லாருக்கும் தீரும். கொஞ்ச நாளு தான்.”

 நான் எழுந்து சமையல் மூலைக்குப் போனேன். டப்பாவில் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து வந்து, வக்கீலம்மாவிடம் இல்லை, எதிர் வீட்டுத் தங்கச்சியின் கையில் கொடுத்தேன். துப்பியவை, ஒளித்தவை, பாதி கரைந்து காய்ந்தவை. “அன்னிலேர்ந்து” என்றேன்.  அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று அவளும் சிரித்தவள்தானே.

உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தாள்.

“அடிப்பாவி அக்கா! தினம் ரெண்டு வேளை இந்தக் கையால கழுவுறேன உன்ன, எதுக்கு? உன் பொணத்த வித்து நான் தவண கட்டறதுக்கா? எனக்கு அவ்ளோ கேவலமா பூட்டுதா? நீ செத்த காசுல என் வூட்டுல உலை கொதிக்குமா? கையத் தொற. தொறன்றேன்!”

அக்கா திறக்கவில்லை. அழுதாள். பாதி முகம்தான் அழுதது, இன்னொரு பாதி சும்மா இருந்தது.

“கூட்டத்துல... சொல்லாம... வெக்க மாட்டேன்” என்றாள். “எல்லாருக்கும்... தெரியணும். தெரிஞ்சா... வெக்கிறேன்.”

“நல்லாத் தெரியட்டும். ஆனா நான் சொல்ல மாட்டேன்” என்றாள் எதிர் வீட்டுத் தங்கச்சி. “என்ன அடிக்க வந்துருவாளுங்க. பொய் சொல்லிட்டுப் போனாரே, அந்த அண்ணாவே சொல்லட்டும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “டேய். நீ... சொல்லு.”

ஏழெட்டுப் பெண்களும் வசூல்காரரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான். வேறு வழி இருக்கிறதா என்று வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் தாளைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். “மனு இங்கேயே இருக்கட்டும். அவங்க கேக்கறது நியாயம்தான்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

எதிர் வீட்டுத் தங்கச்சி ஈரத் துணியை உதறினாள். “வெளிய போங்க அண்ணா. பாதி வேல அப்பிடியே கீது.”

வெளியே நின்றேன். மேட்டிலிருந்து மண் பறந்து வந்து கண்ணில் விழுந்தது. உள்ளே சண்டை போடுகிற சத்தம் இல்லை, சிரிப்பும் இல்லை. தண்ணீரில் துணி பிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் என்ன சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தேன். ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. மாரிகுப்பத்தில் ரயில் கடைசி ஸ்டேஷனில் வந்து நின்று, மறுபடி பங்காருபேட்டைக்குத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பப் போகிறோம் என்று நான் சொன்னேன். காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இரண்டு பேர் திட்டினார்கள், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வசூல்காரர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நேரம் கழித்துப் போனார். மத்தியானம் வக்கீலம்மா வந்தார், அக்கா பெருவிரல் வைத்தாள். சாயங்காலம் எதிர் வீட்டுத் தங்கச்சி வந்து, என்னிடம் பேசாமல், வேலையை முடித்துவிட்டுப் போனாள். அன்று காலை மாத்திரையை அக்கா விழுங்கியிருந்தாள். ராத்திரி மாத்திரையைத் துப்பினாள்.